கை நனையாத ஞாயிற்றுக்கிழமை

பம்பாய் வி.டி. ஸ்டேஷன் வாசலில் ஒரு தூண் மேல் கல் சிங்கம் உட்கார்ந்திருக்கும். எதிர்த் தூண் மேல் கல் புலி. அந்தச் சிங்கத்துக்குக் கீழே, தூணில் காதை ஒட்டி வைத்துக்கொண்டு பீர் மேஸ்திரி நின்றார். நடுவிரலை மடக்கித் தட்டினார். கேட்டார். ஒரு சாண் தள்ளி மறுபடியும் தட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. சித்திரை வெயில் அப்போதே தார் ரோட்டை இளக்க ஆரம்பித்திருந்தது. லோக்கலில் இருந்து இறங்கிய கூட்டம் அவரை இரண்டாகப் பிரிந்து கடந்து போனது. ஒரு பார்சிக் கிழவர் மட்டும் நின்று, தானும் தூணில் காதை வைத்துப் பார்த்துவிட்டுப் போனார்.

"கல்லு நல்ல கல்லுதான்," என்றார் மேஸ்திரி கடைசியில், ஏதோ நான் அதை விற்க வந்தவன் போல. "இடுக்குக்குத்தான் சாந்தக் கூடப் போட்டுட்டான்."

"நூறு வருசமா நிக்கி, மேஸ்திரி."

"நிக்கலேன்னு நான் சொன்னனா? நிக்கது வேற வே, வேல வேற."

என் கையில் மூன்று கிளாஸ் டீ. ஆடை கட்டிக்கொண்டிருந்தது. மேஸ்திரியின் அக்கா கதீஜா லாத்தா, வெள்ளைத் துப்பட்டியும் கறுப்புக் குடையுமாக, டீயைப் பார்க்காமல் புலியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"லாத்தா, டீ ஆறுது."

"வேண்டாம் தம்பி."

அந்த 'வேண்டாம்' சாதாரண வேண்டாம் இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

கை நனைப்பது

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள் பேச்சு முடிகிற வரைக்கும் பெண் வீட்டாரிடம் எதுவும் சாப்பிடமாட்டார்கள், குடிக்கமாட்டார்கள். கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். நனைத்த பிறகு பின்வாங்கினால் நாலு பேர் காறித் துப்புவார்கள்.

பெண், என் மூத்த மகள் மைமூன். பையன், பீர் மேஸ்திரியின் மகன். செம்பூரில் ஃபேன் ரிப்பேர் கடை. அவன் குடித்தனம் இருந்தது கடைக்குப் பின்னால். பையன் தங்கம். அவனுக்காக அப்பாவும் அத்தையும் ஊரில் இருந்து ரயிலேறி வந்திருந்தார்கள். தாய் இல்லாத பையனை வளர்த்தது லாத்தாதான். அவர் தலையசைத்தால்தான் எதுவும்.

மைமூனுக்கு அதற்கு முன்னால் வந்த இரண்டு சம்பந்தமும் என் வீட்டு வாசல் வரை வந்து திரும்பியவை. மூன்றாவதும் போனால் பெண் மேல் பழி விழும். அதுதான் விஷயம்.

நான் யார் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். இந்த வாரம்தான் புதிதாகப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். படிப்பு நாலாங்கிளாஸ், அதுவும் முழுசாக இல்லை. பதினேழு வயதில் தாராவிக்கு வந்து தோல் வெட்டக் கற்றுக்கொண்டு, முப்பத்தைந்து வயதில் சொந்தப் பட்டறை போட்டவன். எண்பதுகளில் பம்பாயில் இடுப்பில் பெல்ட் கட்டிய ஆண்களை வரிசையாக நிறுத்தினால் மூன்றில் ஒருவன் இடுப்பில் என் தையல் இருக்கும். பெருமைக்குச் சொல்லவில்லை. இருப்பதைச் சொல்கிறேன்.

அப்படிப்பட்டவன் வாசலில் ஏன் இரண்டு சம்பந்தம் திரும்பியது?

இரண்டு அடுக்கு மாளிகை

மேஸ்திரிக்கு எழுதிய கடிதத்தில், "தாராவியில் இரண்டு அடுக்கு வீடு, கீழே பட்டறை, மேலே குடித்தனம்" என்று எழுதியிருந்தேன். பொய் இல்லை. மேலே பத்துக்குப் பத்து என்பதையும், ஏறுவதற்கு இரும்பு ஏணி என்பதையும் எழுதவில்லை. கடிதத்தில் இடம் எவ்வளவு இருக்கிறது?

கழிப்பறை பற்றியும் எழுதவில்லை. எங்கள் சந்து முழுவதற்கும் சேர்த்து முக்குரோட்டில் ஒரு பொதுக் கழிப்பறை. காலையில் வரிசை நிற்கும். ஆள் நிற்காவிட்டால் ஆளின் டப்பா நிற்கும். டப்பாக்களுக்குள் சண்டை வந்தால் ஆட்கள் வந்து தீர்த்துவைப்பார்கள். முந்தைய இரண்டு சம்பந்தக்காரர்களும் அந்த வரிசையைப் பார்த்துத்தான் ஊரில் சோலி இருக்கிறது என்று கிளம்பினார்கள்.

ஆகவே இந்தத் தடவை மூளையைக் கசக்கினேன். வீட்டைப் பார்க்கும் முன்னாலேயே கை நனைய வைத்துவிட வேண்டும். எங்காவது, எதையாவது. ஒரு டீ போதும். ஒரு சோடா போதும். பிறகு ஏணியென்ன, வரிசையென்ன, பின்வாங்க முடியாது. சாயங்காலம் வீட்டுக்குக் கூட்டிப்போய் மைமூனைக் காட்டி முடித்துவிடலாம்.

என் மனைவி ஜெய்தூன் திட்டத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "பொண்ணு பாக்க வந்தவியள கல்லு பாக்கக் கூட்டிட்டுப் போற மொத ஆளு நீங்கதான்."

"உனக்கு விவரம் பத்தாது."

"எனக்கா?" என்றாள்.

மேஸ்திரிக்கோ ஏக சந்தோஷம். "பம்பாய்க்கு வந்து வெள்ளக்காரன் கட்டடத்தப் பாக்காமப் போனா ஊர்ல எவன் வே என்ன மேஸ்திரின்னு மதிப்பான்?" அவர் ஊரில் ஏழு வீடும் ஒரு தண்ணீர்த் தொட்டியும் ஒரு பள்ளிவாசல் காம்பவுண்டும் கட்டியவர். பையில் சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கிற நூல்குண்டும் அளக்கிற டேப்பும் எடுத்து வந்திருந்தார். கல்யாண வீட்டுக்குப் போனாலும் அவை கூடவே போகுமாம்.

சீதனம்

வி.டி.யில் டீ போயிற்று. அடுத்து ஹைகோர்ட் பக்கம் டாக்சியில் கூட்டிப் போனேன்.

கட்டடங்களைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று கேட்பீர்கள். ஊருக்கு வந்த முதல் நாள் வி.டி. பெஞ்சில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தது தெரியும். பிறகு பை, பெல்ட் சப்ளை செய்ய அந்தப் பக்கமெல்லாம் போயிருக்கிறேன். ஒவ்வொரு கட்டடத்திலும் எந்தக் கதவு பின்கதவு என்பது எனக்குத் தெரியும். மற்றதை வாயால் சமாளித்தேன். என் வாய் அப்போதெல்லாம் நன்றாக ஓடும்.

"இந்தக் கோபுரம் எத்தன அடி வே?" மேஸ்திரி மணிக்கூண்டைப் பார்த்துக் கேட்டார்.

"உமக்கு எவ்வளவு தோணுது?"

"எரநூத்தி அம்பது, எரநூத்தி அறுவது இருக்கும்."

"அதான்."

"சுண்ணாம்புக் காரையா, சிமிட்டியா?"

"ரெண்டும்."

மேஸ்திரி என்னை ஒரு பார்வை பார்த்தார். பேச்சை மாற்ற, யாரோ எப்போதோ சொல்லிக் காதில் விழுந்திருந்த ஒன்றை எடுத்துவிட்டேன். "இந்த ஊரே இங்கிலீஸ் ராசாவுக்குக் கல்யாணச் சீதனமா வந்ததாக்கும். பொண்ணு வீட்டுக்காரன் குடுத்தது."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அதுவரை குடைக்குள் சும்மா இருந்த லாத்தா மெதுவாகத் திரும்பினார்.

"ஊரேவா?"

"அது... அப்ப சின்ன ஊரு, லாத்தா. தீவுதான்."

"எத்தன தீவு?"

"ஏழு."

"ம்," என்றார் லாத்தா. "அந்தக் காலத்துல மனுசனுக்கு மனசு இருந்திச்சு."

மரத்தடியில் ஒருவன் எலுமிச்சை சர்பத் விற்றுக்கொண்டிருந்தான். ஓடிப்போய் மூன்று வாங்கிவந்தேன். ஐஸ் மிதந்தது. மேஸ்திரியின் தொண்டைக்குழி ஏறி இறங்கியதை நான் கண்ணால் பார்த்தேன். கை நீட்டினார். நீட்டிய கையோடு அக்காவைப் பார்த்தார்.

"எனக்கு வேண்டாம்," என்றார் லாத்தா.

மேஸ்திரியின் கை அப்படியே மேலே போய், தலையைச் சொறிந்துவிட்டு இறங்கியது. மூன்று சர்பத்தையும் நானே குடித்தேன்.

டேப் போட்ட கை

அதற்கடுத்துப் போன கட்டடத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். கோட்டைப் பகுதியில் நீளமான கல் வளைவுகள், கீழே நடைபாதை, நடைபாதை முழுக்க வியாபாரிகள். பேனா, கைக்குட்டை, பழைய புத்தகம், வாழைப்பழம், ஓரத்தில் மணி கட்டிய கரும்புச் சாறு வண்டி.

நான் கரும்புச் சாறு சொன்னேன். இஞ்சி போட்டு, எலுமிச்சை போட்டு, மூன்று பெரிய கிளாஸ். கரும்புச் சாற்றை வேண்டாம் என்று சொல்லும் மனிதப் பிறவி கிடையாது என்பது என் கணக்கு. வண்டிக்காரன் சக்கரத்தைச் சுற்ற ஆரம்பித்தான். மணி ஜல் ஜல் என்றது. லாத்தாவே கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். எனக்கு நம்பிக்கை வந்தது.

அந்த நேரம் பார்த்து மேஸ்திரிக்கு ஒரு தூணின் மேல் சந்தேகம் வந்துவிட்டது. பையைத் திறந்தார். நூல்குண்டை எடுத்து வளைவின் ஓரத்தில் தொங்கவிட்டார். ஒரு கண்ணை மூடினார். பிறகு டேப்பை உருவி, தூண் அடியில் இருந்து நடைபாதை விளிம்பு வரைக்கும் நீட்டினார்.

பம்பாயில் முப்பது வருஷம் இருந்தவன் நான். அது என்ன காரியம் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பம்பாயில் ஒருவன் நடைபாதையில் டேப்பை நீட்டினால் ஒரே அர்த்தம்தான்: இடிக்க வருகிறார்கள். தாராவியில் டேப்பைப் பார்த்தால் எனக்கே கால் தன்னால் ஓடும்.

முதலில் கைக்குட்டைக்காரன் பார்த்தான். "காடி ஆயா!" என்று ஒரு கத்தல். முனிசிபாலிட்டி வண்டி வந்துவிட்டது என்று அர்த்தம். அவ்வளவுதான். துணியின் நாலு மூலையையும் கூட்டிப் பிடித்து மூட்டையாக்கித் தோளில் போட்டான். பேனா மறைந்தது. வாழைப்பழம் மறைந்தது. புத்தகக்காரன் ஒரு ஆள் உயர அடுக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, காதலியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன் மாதிரி சந்துக்குள் ஓடினான். எனக்காகப் பிழிந்த சாறு வண்டியோடு போனது. மணிச் சத்தம் தூரத்தில் கேட்டுக்கொண்டே இருந்தது.

கண்ணை மூடித் திறப்பதற்குள் நடைபாதையில் நாங்கள் மூன்று பேர் மட்டும்.

"கூட்டம் கொறஞ்சிருச்சு," என்றார் மேஸ்திரி நிம்மதியாக. "இப்ப அளக்கலாம். அந்த மொனையப் பிடியும் வே." நானும் பிடித்தேன். சம்பந்தி ஆகப் போகிறவர் கேட்டால் பிடிக்காமல் என்ன செய்வது?

உள்ளே இருந்து வாட்ச்மேன் வந்தான். ஆறடி ஆள். "க்யா நாப் ரஹே ஹோ?" என்ன அளக்கிறீர்கள் என்று கேட்டான்.

எனக்கு அவன் முகம் கண்ணில் படவில்லை. இடுப்புதான் பட்டது. இரட்டைத் தையல், ஓட்டைக்குப் பக்கத்தில் சின்னப் பிறை அச்சு. என் பட்டறை பெல்ட்! சம்பந்திக்கு முன்னால் இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா? "யே பெல்ட் மேரா ஹை!" என்று விரலை நீட்டிக் கத்தினேன். இந்த பெல்ட் என்னுடையது!

வாட்ச்மேன் இரண்டு எட்டு பின்னால் போனான். "நஹி!" என்று இரண்டு கையாலும் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டான். எங்களைப் பிடிக்க அவனிடம் கை மிச்சமில்லை.

"மேரா ஹை, மேரா ஹை," என்று நான் தொட்டுக் காட்டப் போக, அவன் உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டான்.

"எதுக்கு வே ஓடுதான்?" என்றார் மேஸ்திரி.

"மரியாத," என்றேன்.

மேஸ்திரி டேப்பைச் சுருட்டினார். தூண் அரை விரல் அகலம் சாய்ந்திருப்பதாகத் தீர்ப்புச் சொன்னார். குடைக்குள் லாத்தாவின் முகம் இறுகிப்போயிருந்தது. இந்தக் குடும்பம் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார் என்று எனக்குத் தோன்றியது.

கேட்வேயில் இளநீர்

விடுகிறவன் நான் இல்லை. கேட்வே ஆஃப் இந்தியாவுக்குக் கூட்டிப் போனேன். பன்னிரண்டு மணி. கடலில் இருந்து ஒரு பொட்டுக் காற்று இல்லை. புறாக்கள்கூட வளைவின் நிழலில் ஒண்டிக்கொண்டிருந்தன.

"இது என்ன, வீடா வாசலா?" என்றார் லாத்தா. அன்று அவர் கட்டடம் பற்றிக் கேட்ட ஒரே கேள்வி.

"வாசல் மட்டும்தான், லாத்தா. ராசா வந்து எறங்கினதுக்காகக் கெட்டினது."

"வீடு எங்க?"

"வீடு கெடையாது."

லாத்தா தம்பியைப் பார்த்தார். மேஸ்திரி என்னைப் பார்த்தார். இரண்டு பேரும் எதையோ புரிந்துகொண்ட மாதிரி இருந்தது. எனக்குத்தான் புரியவில்லை.

இளநீர் வெட்டச் சொன்னேன். லாத்தா தலையை ஆட்டினார். மேஸ்திரி இந்தத் தடவை இளநீரைக் கையில் வாங்கிவிட்டார். வாங்கி, அதன் குளிர்ச்சியைக் கன்னத்தில் வைத்து, கழுத்தில் வைத்து, ஒரு பெருமூச்சு விட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார். பதினைந்து நாள் பட்டினி கிடந்தவன் பிள்ளையைத் தத்துக் கொடுப்பது போல் இருந்தது.

டவுன் ஹால் படிக்கட்டு

கடைசியாக டவுன் ஹால். வெள்ளைத் தூண்கள், அகலமான படிக்கட்டு, ஏறினால் முடியாத படிக்கட்டு. பத்தாவது படியில் லாத்தா உட்கார்ந்துவிட்டார். குடையை மடக்கினார். மடக்கிய குடையை என் பக்கம் நீட்டினார்.

"தம்பி, இங்க வா. ஒன்னு கேக்கேன். பொண்ணு குடுக்க இஷ்டமில்லேன்னா கடுதாசில எழுத வேண்டியதுதான? எதுக்கு எங்கள இப்படி வெயில்ல தெருத் தெருவா அலைய விடுத?"

"நானா? இஷ்டமில்லையா?"

"பொண்ணு பாக்க வந்தவியள வாசப்படி மிதிக்க விடாம காலைல இருந்து கல்லக் காட்டுத. வீடே இல்லாத வாசலக் காட்டுத. அதுக்கு என்ன அர்த்தம்? எங்கள வீட்டுக்குள்ள ஏத்த மனசில்லன்னுதான?"

"அல்லாவே! லாத்தா, ஒங்களுக்குத்தான் பொண்ணு வேண்டாம். காலைல இருந்து ஒரு சொட்டு நனைக்கல. டீ வேண்டாம், சர்பத் வேண்டாம், எளநி வேண்டாம்..."

லாத்தா தம்பியை ஒரு பார்வை பார்த்தார். மேஸ்திரி உடனே எழுந்து ஏழெட்டுப் படி மேலே போய் ஒரு தூணைத் தட்ட ஆரம்பித்தார்.

"கூறுகெட்ட மனுசா," என்றார் லாத்தா தணிந்த குரலில். "குடிச்சா எங்கடே போவேன்? செம்பூர்ல விடியக்காலம் கெளம்பினது. வானத்த முட்டக் கெட்டி வச்சிருக்கான், பொம்பள ஒதுங்க ஒரு மறைவு எங்கயாவது கண்ணுல பட்டுதா? ஒன்கிட்ட கேக்கவா முடியும்? வீட்டுக்குப் போனதும் குடிச்சுக்கிடலாம்னு இருக்கேன், நீ வீட்டுக்கே கூட்டிட்டுப் போக மாட்டேங்க." மடக்கிய குடையால் படியைக் குத்தினார். "இன்னும் ஒரு கட்டடம்னு சொன்னியோ, இந்தப் படியிலேயே உசுர விட்ருவேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே நின்றும் போனது. இப்போது வீட்டுக்குக் கூட்டிப் போக வேண்டும். வீட்டில் என்ன இருக்கிறது?

என் வாழ்க்கையில் நான் பெருமை கலக்காமல் பேசிய பேச்சு மூன்றோ நாலோதான். அதில் இது ஒன்று.

"லாத்தா, வீட்டுலயும் கெடையாது. முக்குரோட்டுலதான். வரிசைல நிக்கணும். மேல ஏறவும் ஏணிதான். அதுக்காகத்தான் ஒங்கள மொதல்ல..."

லாத்தா என்னையே பார்த்தார். மேலே மேஸ்திரி தூணைத் தட்டும் சத்தம் மட்டும்.

"அப்ப எம் மருமவ இம்புட்டு நாளும் அந்த வரிசைலயா நின்னா?"

பெல்ட்டுக்குப் பிறை அச்சு அடித்தவனுக்கு இந்தக் கேள்வி ஒரு நாளும் தோன்றியதில்லை. 'மருமவ' என்று சொன்னதைக்கூட நான் அப்போது கவனிக்கவில்லை. டாக்சியில் பாதி தூரம் வந்த பிறகுதான் அது காதில் விழுந்தது.

"டாக்சியக் கூப்பிடு," என்றார் லாத்தா. "ஓடு!"

ஜெய்தூனின் விவரம்

சந்து முனையில் டாக்சி நின்றபோது ஜெய்தூன் அங்கேயே காத்திருந்தாள். பக்கத்தில் மைமூன், பச்சைப் பட்டு, கையில் தண்ணீர் வாளி. பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் வாளியோடு நின்ற ஒரே மணப்பெண் என் மகளாகத்தான் இருக்கும்.

ஜெய்தூன் ஸலாம் சொன்னாள். அடுத்த வார்த்தையாக, "மைனி, மொதல்ல வாங்க," என்று லாத்தாவின் கையைப் பிடித்தாள். அவள் முந்தானை முடிச்சில் ஒரு சாவி இருந்தது. எங்கள் சந்துக்குப் பின்னால் பிரசவ ஆஸ்பத்திரி ஒன்று உண்டு. அங்கே வேலை பார்க்கிற ஆயாவிடம் கெஞ்சி, நர்சுகளின் கழிப்பறைச் சாவியை வாங்கி, காலை பத்து மணியில் இருந்து முடிந்து வைத்திருந்தாளாம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மூன்று பெண்களும் போனார்கள். நானும் மேஸ்திரியும் பட்டறையில் தோல் கட்டுகள் மேல் உட்கார்ந்தோம். மேஸ்திரி என் சுவரைப் பார்த்தார். கை பைக்குள் போனது.

"வேண்டாம் மேஸ்திரி," என்றேன். "அது நான் கெட்டினது."

"தெரியுது," என்று கையை வெளியே எடுத்துக்கொண்டார்.

போனவர்கள் திரும்பி வர அரை மணி நேரம் ஆயிற்று. வரும்போது வாளி லாத்தா கையில் இருந்தது. மைமூன் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தாள். லாத்தா முகம் பத்து வயது குறைந்து போயிருந்தது. ஏணியடியில் நின்றபடியே தண்ணீர் கேட்டார். ஒரு டம்ளர். இன்னொரு டம்ளர். மூன்றாவதைக் குடித்துவிட்டுத் துப்பட்டியால் வாயைத் துடைத்தார். மேஸ்திரி அதற்கு மேல் பொறுக்கவில்லை. பானையை அப்படியே தூக்கி அண்ணாந்துவிட்டார். பிறகு பதினோரு உளுந்த வடை சாப்பிட்டார். எண்ணியது நான் இல்லை, ஜெய்தூன்.

"சீதனம் ஒன்னும் வேண்டாம் தம்பி," என்றார் லாத்தா மேலே போய் உட்கார்ந்த பிறகு. நான் ஏழு தீவை நினைத்து மூச்சு விட்டேன். "ஒரே ஒரு சொல்லுதான். கல்யாணத்த எங்க வேணும்னாலும் வையி. ஊர்ல இருந்து நாப்பது பொம்பளைய வருவாவ. அத நெனச்சுக்கிட்டு வையி."

அடுத்த வாரமே நானும் மேஸ்திரியும் செம்பூரில் ஒரு கல்யாண ஹாலுக்குப் போனோம். மேனேஜர் மேடையைக் காட்ட வந்தார். வேண்டாம் என்றேன். சமையல்கட்டைக் காட்டினார். அதுவும் வேண்டாம் என்றேன். நேராகப் பின்பக்கம் போனோம். வரிசையாக ஆறு கதவு. ஒவ்வொன்றிலும் நான் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். வெளியில் இருந்து மேஸ்திரி தோளைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தார். ஐந்து கதவு அசையவில்லை. ஆறாவது திறந்து, மேஸ்திரி என் மேல் வந்து விழுந்தார்.

"இந்தக் கதவ மாத்தச் சொல்லும் சம்மந்தி," என்றார், என் மடியில் கிடந்தபடியே.

அவர் வாயால் என்னைச் சம்மந்தி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.